ஃப்ரீலான்ஸ்: ஈட்டி வீரனிடமிருந்து வந்த தொழிற்பெயரும் அது இன்று கிளப்பும் குழப்பமும்

மதுரையில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர், பத்திரங்களை மொழிபெயர்த்துத் தருபவர், வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுபவர், நாளிதழுக்குப் படம் கொடுத்து அதற்கான தொகையைப் பெறுபவர் என எல்லாருமே இன்று தம்மை ‘ஃப்ரீலான்சர்’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள். கேட்பவர்களோ ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் ‘அப்படியானால் நிரந்தர வேலை இல்லை’ என்று புரிந்துகொள்கிறார்கள். வங்கியில் ‘சம்பளச் சீட்டு இல்லாதவர்’ என்று குறித்துக்கொள்கிறார்கள். வேலை கொடுக்க வருபவர்களில் சிலர் ‘ஃப்ரீ’ என்ற முதற்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, ஒரு மாதிரி செய்து காட்டுங்கள் என்று இலவசமாகவே வேலையை முடித்துக்கொள்கிறார்கள்.

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. அவற்றுள் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு ‘கிக் தொழிலாளர்’, ‘தளம்சார் தொழிலாளர்’, ‘சுயதொழில் செய்பவர்’ என்று மூன்று பெயர்களைச் சொல்கிறது. ஃப்ரீலான்சர் என்ற பெயர் அதில் இல்லை. அப்படியானால் அவர் இவர்களுள் யார்? இந்தக் கேள்விக்கு விடை காண, அந்தச் சொல் எந்த உறவைக் குறிக்கப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்குவதே சரியான வழி.

ஈட்டி எப்படி எண்ணிக்கை அலகானது

‘லான்ஸ்’ என்பது குதிரை வீரன் ஏந்தும் நீண்ட ஈட்டி. ‘லான்சியா’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. ஆனால் இடைக்கால ஐரோப்பியப் போர்க்களத்தில் அது ஆயுதத்தின் பெயராக மட்டும் நிற்கவில்லை. படையாட்களைக் கணக்கிடும் அலகாகவும் ஆகிவிட்டது. கவசம் அணிந்த ஒரு வீரனும் அவனுக்கு உதவியாக வரும் ஆட்களும் சேர்ந்தது ஒரு ‘ஈட்டி’. பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலியில் போர் செய்த வெள்ளைப் படை என்ற கூலிப்படையில், ஒரு வீரன், ஒரு துணைவீரன், ஒரு ஏவலாள் என மூவர் சேர்ந்ததே ஓர் ஈட்டி. நூறு ஈட்டிகளுக்கு ஒப்பந்தம் என்றால் முந்நூறு பேரும் அவர்களுக்கான குதிரைகளும் வரவேண்டும் என்று பொருள்.

இந்தக் கூலிப்படைகள் உருவானதன் பின்னணியும் கவனிக்கத்தக்கது. 1360இல் இங்கிலாந்தும் பிரான்சும் பிரெட்டினி உடன்படிக்கை செய்துகொண்டு போரை நிறுத்தியபோது, போரைத் தவிர வேறு தொழில் அறியாத ஆயிரக்கணக்கான வீரர்கள் வேலையிழந்தார்கள். அவர்கள் தாமே குழுக்களாகத் திரண்டு, யார் பணம் கொடுத்தாலும் போரிட முன்வந்தார்கள். ‘சுதந்திரக் குழுக்கள்’ என்று அவர்களுக்குப் பெயர் வழங்கியது. வெள்ளைப் படையின் தலைவராகப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் ஜான் ஹாக்வுட், பைசா, மிலான், போப்பாண்டவர், ஃபுளோரன்ஸ் என்று அடுத்தடுத்துப் பலருக்குப் பணியாற்றி, 1394இல் ஃபுளோரன்சில் மதிப்பு குறையாமல் இறந்தார். ஒரு காலத்தில் அவர் எதிர்த்துப் போரிட்ட நகரமும் அதுதான்.

இத்தாலியில் இத்தகைய படைத்தலைவர்களுக்கு ‘கொண்டொத்தியேரி’ என்று பெயர். ஒப்பந்தம் என்று பொருள்படும் ‘கொண்டொத்தா’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. எத்தனை ஈட்டிகள், எவ்வளவு ஊதியம், எவ்வளவு காலம் என்பவை அந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டன. உறுதியான பணிக்காலம் ஒன்றும், வேலை கொடுப்பவர் விரும்பினால் நீட்டித்துக்கொள்ளத்தக்க கூடுதல் காலம் ஒன்றும் அதில் தனித்தனியாகக் குறிக்கப்பட்டன. இன்று ஒரு மென்பொருள் ஒப்பந்தத்தில் காணப்படும் விதிகளுக்கு இவை அதிகத் தொலைவில் இல்லை.

இவ்வளவு இருந்தும் ‘ஃப்ரீ லான்ஸ்’ என்ற கூட்டுச்சொல் இடைக்காலத்தில் வழங்கிய சொல் அன்று. அதைப் பரவலாக்கியவர் ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட். 1819 டிசம்பரில் வெளிவந்த ‘ஐவன்ஹோ’ என்ற அவருடைய வரலாற்று நாவலில், டி பிரேசி என்ற கூலிப்படைத் தலைவன், தன்னுடைய ‘ஃப்ரீ லான்ஸ்’களின் சேவையை மன்னன் ரிச்சர்டு ஏற்க மறுத்துவிட்டதாகவும், அதனால் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஃபிளாண்டர்சுக்குக் கப்பலேறப் போவதாகவும் சொல்கிறான். கதை நடப்பது பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில். சொல்லோ பத்தொன்பதாம் நூற்றாண்டினுடையது. நாவலாசிரியர் பழமையாகத் தோன்றும்படி அமைத்த சொல்லை உண்மையான பழஞ்சொல் என்று நம்பி, இடைக்கால வீரர்கள் தம்மை இப்படித்தான் அழைத்துக்கொண்டார்கள் என்று எழுதுவோர் பலர் உண்டு. அது சரியன்று.

அதே நூற்றாண்டின் நடுப்பகுதியில் சொல் போர்க்களத்தை விட்டு வெளியேறியது. எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாத அரசியல்வாதியைக் குறித்தது. பிறகு, எந்த இதழின் சம்பளப் பட்டியலிலும் இல்லாமல் பல இதழ்களுக்கு எழுதுபவரைக் குறித்தது. முதலில் மனிதரைக் குறிக்கும் பெயராக மட்டும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வினைச்சொல்லாகவும் ஆனது.

‘ஃப்ரீ’ எதிலிருந்து விடுபட்டது?

விலையிலிருந்து அன்று. ஒரு பிரபுவுக்கோ மன்னனுக்கோ விசுவாசத்தால் கட்டுப்பட்டிருக்கும் கடமையிலிருந்து விடுபட்டது என்பதே அதன் பொருள். டி பிரேசியின் ஈட்டிகள் எவருக்கும் உரியவை அல்ல என்பதால்தான் அவற்றை விலை பேசிக் கொடுக்க முடிந்தது. ஆகவே ‘ஃப்ரீ’ என்ற சொல் இங்கே ஊதியத்துக்கு எதிர்ச்சொல்லாக வரவில்லை. ஊதியம் ஒன்றே உறவுக்கு அடிப்படை என்பதைச் சொல்லவே வந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் நகரம் 2017இல் நடைமுறைப்படுத்திய சட்டத்துக்கு ‘ஃப்ரீலான்ஸ் என்பது ஃப்ரீ அன்று’ என்று பொருள்படும் பெயரையே சூட்டியது. 800 டாலருக்கும் அதற்கு மேலுமான வேலைக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம் என்றும், தேதி குறிப்பிடப்படாவிட்டால் வேலை முடிந்த 30 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்றும் அது சொல்கிறது. சொல்லை இலவசம் என்று திரித்துப் புரிந்துகொள்ளும் வழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று போலும்.

இந்தப் பாகுபாடு நமக்கும் புதிதன்று. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்தில் 762ஆம் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று ஆறு வகைப் படைகளைச் சொல்லி, தலைமுறை தலைமுறையாக அரசனைச் சார்ந்து நிற்கும் மூலப்படைக்கே சிறப்புத் தருகிறார். வடமொழி அர்த்தசாத்திரத்திலும் இதே ஆறு வகைப் பகுப்புக்கு நெருக்கமான பட்டியல் உண்டு. மூலப்படைக்கும் கூலிப்படைக்கும் இடையே உள்ள வேறுபாடு திறமை சார்ந்ததன்று; கட்டுப்பாடு எதனால் வருகிறது என்பதைச் சார்ந்தது. முன்னதற்குப் பரம்பரை உறவு. பின்னதற்குப் பேசிய கூலி.

தமிழில் ‘கூலிப்படை’ இன்று குற்றச் செய்திகளில் மட்டுமே வருகிற சொல்லாகிவிட்டது. ‘கூலி’யும் தாழ்ந்த சொல்லாகக் கருதப்படுகிறது. ஆனால் ‘முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்’ என்று 619ஆம் குறளில் வரும்போது அந்தச் சொல்லில் இழிவேதும் இல்லை. ஃப்ரீலான்சுக்குத் தமிழில் பெயர் வைக்க முயன்றவர்கள் கூலியைத் தவிர்த்து, ‘ஃப்ரீ’ என்ற பகுதியையே பிடித்துக்கொண்டார்கள்: கட்டற்ற தொழிலர், தன்னுரிமைத் தொழிலர் என்பன அப்படிப் பிறந்தவை. இலங்கைத் தமிழ் ஊடகங்களில் ‘சுயாதீன ஊடகவியலாளர்’ என்பது நன்கு வேரூன்றிவிட்டது. தமிழ்நாட்டில் எதுவும் அப்படி நிலைக்கவில்லை. ‘பகுதிநேரப் பணியாளர்’ என்று பெயர்ப்பது மட்டும் தெளிவான பிழை. காரணம் சற்றுப் பின்னால் வருகிறது.

ஸ்பெஷல் நாடகம்: மதுரையின் சொந்த உதாரணம்

கணினியோடு வந்த வேலைமுறை என்று இதை நினைப்பவர்கள் மதுரை சுண்ணாம்புக்காரத் தெருவை நினைவுகூர வேண்டும். நாடக நடிகர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு நாடகம் வைக்க விரும்பும் கிராமத்தார், தெற்கத்திச் சீமையின் பல மாவட்டங்களிலிருந்தும் நடிகர்களைப் பேசி முடிக்க மதுரைக்கு வருவது நெடுங்கால வழக்கம்.

ஸ்பெஷல் நாடகம் என்ற பெயரே அதன் வேலைமுறையைச் சொல்கிறது. அதில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் ஒருவர், ஸ்திரீபார்ட் ஒருவர், பபூன் ஒருவர், நடனக்காரர் ஒருவர், ஆர்மோனியம் ஒருவர், மிருதங்கம் ஒருவர் என்று ஒவ்வொருவரும் அந்த ஓர் இரவுக்காகத் தனித்தனியே, ‘ஸ்பெஷலாக’ பேசி அமர்த்தப்படுகிறார்கள். அவரவர் ஊதியத்தை அவரவரே பேசிக்கொள்கிறார்கள். ஏஜென்ட் வழியாகப் பேசினாலும் தொகை ஆளுக்கு ஆள் வேறுபடும். அச்சாரம் வாங்கியதும் அந்தத் தேதி உறுதியாகிறது. ஒத்திகை கிடையாது. இயக்குநர் கிடையாது. புதுக்கோட்டையிலிருந்து வந்த நாயகனும் திண்டுக்கல்லிலிருந்து வந்த நாயகியும் சில வேளைகளில் மேடைக்குப் பின்னால்தான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். இருந்தும் இரவு பத்து மணிவாக்கில் தொடங்கும் ‘வள்ளி திருமணம்’ விடியும்வரை தடையின்றி நடக்கிறது. காரணம், பாடமும் பாட்டும் தர்க்கத்தின் போக்கும் எல்லாருக்கும் பொதுவான சொத்து. ஊர்ச் சுவர்களில் ஒட்டப்படும் நோட்டீசில் ஒவ்வொரு கலைஞருடைய படமும், பட்டமும், ஊர்ப்பெயரும் தனித்தனியே அச்சாகியிருக்கும். குழுவின் பெயர் இருக்காது. குழு என்று ஒன்று இருந்தால்தானே.

இதற்கு நேர் எதிரான முறையும் மதுரையிலேயே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் புகழ்பெற்றிருந்த பாலர் நாடகக் கம்பெனிகளில் சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே பாடம் பயின்று, கம்பெனி போகும் ஊருக்கெல்லாம் போனார்கள். எம்.ஜி.ஆர். சிறுவனாகச் சேர்ந்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி அத்தகையது. எந்த வேடம், எந்த ஊர், எவ்வளவு சம்பளம் என்பதையெல்லாம் கம்பெனியே தீர்மானித்தது. உணவும் இருப்பிடமும் கம்பெனியின் பொறுப்பு.

கம்பெனி நடிகர், ஸ்பெஷல் நடிகர் என்ற இரண்டு நிலைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஃப்ரீலான்சின் இலக்கணம் கிடைத்துவிடுகிறது. ஸ்பெஷல் நடிகருக்கு விலை பேசும் உரிமை உண்டு, வேண்டாம் என்று மறுக்கும் உரிமை உண்டு, ஒரே மாதத்தில் பல ஊர்களுக்கு ஆடும் உரிமை உண்டு. ஆனால் ஒப்பனைப் பெட்டியும் உடையும் அவர் சொந்தச் செலவு; திருவிழாக் காலம் முடிந்து மேடை இல்லாத மாதங்களுக்கு யாரும் பொறுப்பில்லை; காய்ச்சலில் படுத்தால் அன்றைய வருமானம் இல்லை. உரிமையும் இழப்பும் ஒரே ஒப்பந்தத்தின் இரு பக்கங்களாகவே அவரிடம் வந்து சேர்கின்றன. இந்த இழப்பைத் தனித்து ஒருவரால் சமாளிக்க முடியாது என்பதனால்தான், ஒருவரோடு ஒருவர் போட்டியிடும் இந்தக் கலைஞர்களே நூறாண்டுக்கு முன்பே சங்கம் வைத்துக்கொண்டார்கள் என்று கருத இடமிருக்கிறது.

ஒன்றோடொன்று குழம்பும் சொற்கள்

1. பகுதிநேரப் பணியாளர்: இது நேரத்தின் அளவைக் குறிக்கும் சொல். ஒரு கல்லூரியில் மாலையில் மட்டும் பாடம் நடத்தி மாதச் சம்பளம் வாங்குபவர் பகுதிநேர ஊழியர், ஆனாலும் ஊழியர்தான். ஃப்ரீலான்சர் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் உழைப்பவராகவும் இருக்கலாம். ஒன்று நேரத்தைப் பற்றியது, மற்றது உறவைப் பற்றியது.

2. அத்தக்கூலி: அன்றன்றைக்குக் கூலி பெறுபவர். நாளைக்கு வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் வேலைத்தலத்தில் எதை, எப்படி, எத்தனை மணிவரை செய்வது என்பதை மேஸ்திரியோ உரிமையாளரோ சொல்கிறார். ஸ்டூடியோக்காரர் ஒருவர் தன்னுடைய கேமராவைக் கொடுத்து, முகூர்த்த நாளுக்கு மட்டும் ஒருவரை அழைத்துக்கொண்டு போனால், அந்த நபர் தன்னை ஃப்ரீலான்சர் என்று அழைத்துக்கொண்டாலும் அத்தக்கூலிக்கே நெருக்கமானவர்.

3. வீட்டில் இருந்து துண்டுக்கூலிக்கு வேலை செய்பவர்: மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அந்தச் சேலைகளுக்கு முடிச்சுப் போடும் பெண்கள் பெரும்பாலும் தம் வீட்டில் இருந்தபடியே வேலை செய்கிறார்கள். மேற்பார்வை செய்ய ஆள் இல்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை. பார்வைக்குச் சுதந்திரத் தொழில்தான். ஆனால் துணி வியாபாரியுடையது, வடிவம் வியாபாரி சொன்னது, முடிச்சுக்கான கூலியும் வியாபாரி வைத்தது. விலை பேசும் உரிமை இல்லாத இடத்தில் ஃப்ரீலான்ஸ் என்ற சொல்லைப் பொருத்துவது, இருக்கும் சார்பை மறைப்பதற்கே உதவும்.

4. கிக் தொழிலாளர்: ‘கிக்’ என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர்களிடையே ஒரு நாள் கச்சேரியைக் குறித்து வழங்கிய பேச்சுச்சொல். இந்தியச் சட்டத்தில் அதற்குத் தரப்பட்டுள்ள வரையறை மிக அகலமானது: வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து வருமானம் ஈட்டும் எவரும் கிக் தொழிலாளரே.

5. தளம்சார் தொழிலாளர்: இணையத் தளம் அல்லது செயலி ஒன்றின் வழியாக வேலை பெறுபவர். உணவு கொண்டுபோய்க் கொடுப்பவரும் வாடகை வண்டி ஓட்டுபவரும் இதற்குப் பழகிய உதாரணங்கள்.

6. சுயதொழில் செய்பவர்: பெட்டிக்கடை நடத்துபவர் முதல் பட்டயக் கணக்காளர் வரை எல்லாரையும் அடக்கும் பொதுப்பெயர். ஃப்ரீலான்சர் அதற்குள் ஒரு பிரிவினர். தம்முடைய உழைப்பையும் திறனையும் பலருக்கு வேலைக்கணக்கில் விற்பவர்.

நீதிமன்றம் பெயரைப் பார்ப்பதில்லை

இந்திய நீதிமன்றங்கள் இரண்டு வகை ஒப்பந்தங்களைப் பிரித்துப் பார்க்கின்றன. ஒருவரை ஊழியராக வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் ஒன்று. ஒரு வேலையை முடித்துத் தருவதற்கான ஒப்பந்தம் மற்றொன்று. ஃப்ரீலான்சர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். ஒப்பந்தத் தாளின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதனால் மட்டும் இது முடிவாவதில்லை.

தாரங்கதாரா கெமிக்கல் வொர்க்ஸ் வழக்கு இதற்கு அடித்தளம். சௌராஷ்டிராவின் உப்பளங்களில் உப்பு விளைவித்த அகரியாக்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. விளைவித்த உப்பின் எடைக்கு ஏற்பவே கூலி. வேலை நேரம் வரையறுக்கப்படவில்லை. உதவிக்குத் தம் செலவில் ஆள் வைத்துக்கொள்ளவும் அவர்களால் முடிந்தது. அவர்கள் சுதந்திர ஒப்பந்தக்காரர்கள் என்றது நிறுவனம். ஆனால் வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் நிறுவனத்தின் மேற்பார்வை இருந்தது, அவர்கள் தாமே உடலுழைப்பில் ஈடுபட்டார்கள் என்பவற்றைக் கொண்டு, அவர்கள் தொழிலாளர்களே என்ற முடிவை 1956இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

1973இல் வந்த சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் தீர்ப்பு மதுரை வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது. அந்தக் கடையின் தையற்காரர்களுக்குத் துண்டுக்கூலிதான். சிலர் துணியை வீட்டுக்கும் எடுத்துச் சென்று தைத்தார்கள். இருந்தும் தையல் இயந்திரங்கள் கடையுடையவை, தைத்தது சரியில்லை என்றால் திருப்பித் தைக்கச் சொல்லும் அதிகாரம் கடைக்காரருக்கு இருந்தது என்பவற்றைச் சுட்டி, அவர்கள் கடையின் ஊழியர்களே என்றது உச்ச நீதிமன்றம். இப்போது மதுரைப் புதுமண்டபத்தில் நெடுங்காலம் இருந்து, பின்னர் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாற்றப்பட்ட தையற்காரர்களை எண்ணிப் பாருங்கள். சொந்த இயந்திரத்தோடு உட்கார்ந்து, வருகிற வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கூலி பேசித் தைத்துக் கொடுப்பவர் சுதந்திரத் தொழிலர். அதே வேலையை, அதே துண்டுக்கூலிக்கு, இன்னொருவர் கடையில் இன்னொருவர் இயந்திரத்தில் செய்பவர் ஊழியர். கையிலுள்ள தொழில் ஒன்றே; உறவு வேறு.

இத்தகைய வழக்குகளில் எழும் கேள்விகளைச் சுருக்கமாக இப்படித் தொகுக்கலாம்:

1. எதைச் செய்வது என்பதோடு, எப்படிச் செய்வது என்பதையும் வேலை கொடுப்பவரே தீர்மானிக்கிறாரா?
2. கருவிகள் யாருடையவை?
3. வேலையை வேறொருவரிடம் கொடுத்து முடிக்க உரிமை உண்டா?
4. இலாபம் கூடவும் நட்டம் வரவும் வாய்ப்பு உண்டா, அல்லது தொகை எப்போதும் ஒன்றுதானா?
5. அந்த வேலை, கொடுப்பவருடைய தொழிலின் உயிரான பகுதியா?

இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து நின்று முடிவைத் தந்துவிடாது. எல்லாவற்றையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள். பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்களைப் பற்றித் தீர்ப்பளித்தபோதும், ஒப்பந்த வாசகத்திலிருந்து தொடங்காமல், கட்டணத்தை யார் வைக்கிறார், சவாரியை மறுத்தால் என்ன ஆகிறது என்ற நடைமுறையிலிருந்தே தொடங்கியது. ‘நீங்கள் எங்கள் பங்குதாரர்’ என்று எழுதிவிட்டு, வருகைப் பதிவும் விடுப்பு அனுமதியும் கேட்கும் நிறுவனங்கள் இங்கும் உண்டு. அந்த வாசகம் சட்டத்தின் முன் அவர்கள் நினைக்கும் அளவுக்குக் கனமானதன்று.

வேறுபாடு எங்கே பணமாகிறது

முதலில் வரி. ஊழியருக்குச் சம்பளத்தில் பிடித்தம்; ஃப்ரீலான்சருக்குத் தொழிற்கட்டணத்தில் பிடித்தம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின் கீழ் தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம், தொழில்நுட்பச் சேவைக்கு 2 சதவீதம் பிடிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் இந்தப் பிடித்தம் என்று வரம்பு உயர்ந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆகவே பழைய எண்ணைக் கொண்டு தேடுபவர்கள் தடுமாற நேரிடும். குறிப்பிட்ட சில தொழிலர்கள், ரொக்கமாக வருவது 5 சதவீதத்தைத் தாண்டாத பட்சத்தில், 75 லட்சம் ரூபாய் வரையிலான மொத்த வரவில் பாதியை இலாபமாகக் காட்டி, விரிவான கணக்குப் புத்தகம் வைக்காமலேயே வரி செலுத்தலாம். மருத்துவம், சட்டம், பொறியியல், தகவல் தொழில்நுட்பம், திரைக்கலை போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. மொழிபெயர்ப்பு அதில் பெயரிட்டுச் சொல்லப்படவில்லை. ஃப்ரீலான்சர் என்றாலே இந்தச் சலுகை உண்டு என்று எண்ணிக் கணக்குத் தாக்கல் செய்பவர்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. சரக்கு, சேவை வரிப் பதிவு, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது வருகிறது.

அடுத்தது பதிப்புரிமை. வரியைவிட இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள் என்பது என் கணிப்பு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஊழியர் பணியின்போது எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளி. ஃப்ரீலான்சர் எழுதியதற்கு முதல் உரிமையாளர் எழுதியவரே. பணம் கொடுத்துவிட்டதனால் மட்டும் உரிமை கைமாறிவிடாது; எழுத்தில், கையொப்பத்தோடு மாற்றித் தரவேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே 19ஆம் பிரிவில் வரம்பிடுகிறது.

ஆனால் புகைப்படத்துக்கு விதி தலைகீழ். ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். கல்யாணப் படத்தைத் தன் விளம்பரத்தில் போட்டுக்கொள்ள விரும்பும் புகைப்படக்காரர் அதற்கான அனுமதியை முன்பணம் வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதைத் தானாகவே போய் எடுத்து, பிறகு இதழுக்கு விற்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அந்தப் படம் அவருடையது.

மூன்றாவது சமூகப் பாதுகாப்பு. வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., பணிக்கொடை ஆகியவை ஊழியர் உறவைச் சார்ந்தவை, ஃப்ரீலான்சருக்கு இல்லை. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி, செயலி நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல், சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் செலுத்த வேண்டும். சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் வண்டி, உணவு, சரக்கு ஆகியவற்றோடு தொழில்முறைச் சேவை, உள்ளடக்க ஊடகச் சேவை ஆகியவற்றின் தளங்களும் இடம்பெற்றுள்ளன. எனவே தளம் வழியாக வேலை பிடிக்கும் வடிவமைப்பாளருக்கு இதில் இடம் உண்டு எனலாம். வாடிக்கையாளரிடம் நேராகப் பேசி வேலை செய்யும் அதே வடிவமைப்பாளர், அகலமான வரையறைப்படி கிக் தொழிலாளர் ஆனாலும், அவருக்காகப் பங்களிப்புச் செலுத்த இடையில் நிறுவனம் என்று எதுவும் இல்லை. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுவே விடை: பெயரளவில் அவர் உள்ளே, பணத்தளவில் வெளியே. தமிழ்நாடு அரசு 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2023 டிசம்பரில் அமைத்த நல வாரியமும், அதன் பெயரே சொல்வதுபோல, தளம்சார் தொழிலாளருக்கானது.

கடைசியாக, வராத பாக்கி. ஜப்பான் 2024 நவம்பர் முதல், ஃப்ரீலான்சர்களுக்கான தனிச் சட்டத்தின் மூலம், வேலை கைக்கு வந்த 60 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருக்கிறது. நம்மிடம் அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. ஆனால் 2006ஆம் ஆண்டுச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் தனி ஆளாகச் சேவை வழங்குபவருக்கும் பொருந்தும். சிறுதொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொண்ட வடிவமைப்பாளரோ மென்பொருள் எழுதுபவரோ, ஒப்பந்தத்தில் தேதி இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும் பணம் பெற உரிமையுடையவர். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மும்மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். பாக்கி வைத்தவர் மீது இத்தகைய பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் மாநிலத்தின் வசதியாக்க மன்றத்தில் இணையம் வழியாகவே மனுக் கொடுக்கலாம். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிவு முடிந்திருப்பது பாதுகாப்பு. பின்னால் செய்த பதிவு முன்னால் செய்த வேலைக்குச் செல்லுமா என்ற வாதத்துக்கே அப்போது இடமிருக்காது. பில்லில் பதிவு எண்ணையும், வேலையை ஒப்படைத்த தேதியையும், வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டதற்கான மின்னஞ்சலையும் சேர்த்து வைத்திருப்பவருக்கு மன்றத்தில் விளக்க வேண்டியது அதிகம் இருக்காது.